ஞாயிற்றுக்கிழமைப் படம்

“இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கு,” என்றாள் அத்தை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. “எங்க குடும்பத்துல யாரும் இவ்வளவு கறுப்பு கிடையாது.”

சின்னவள் மவுஸை நகர்த்தினாள். திரையில் அப்பாவின் முகம் ஒரு சுற்று வெளுத்தது. அத்தை கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அவள் அப்பாவுக்கு மூத்தவள். தம்பி பிறந்த அன்றைக்கே அவன் நிறத்தைப் பார்த்து ஏமாந்துபோனவள் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. ஆயுசு முழுக்கத் தீராத அந்தக் குறையை இன்றைக்காவது தீர்த்துவிடுவது என்ற முடிவோடு வந்து நின்றிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல தள்ளினா மூக்கு காணாம போயிடும் அத்தை.”

“மூக்கை விட்டுட்டுத் தள்ளு.”

வேறொரு நாளாக இருந்தால் இதை அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள். அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். இப்போது அப்பா சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டியின் மோட்டார் ஓடும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அப்பாவை எடுத்துப்போக வண்டி வந்துவிடும். அதற்குள் பெரிய படம் ஒன்று தயாராகி, சட்டத்துக்குள் போய், பெட்டியின் தலைமாட்டில் நிற்க வேண்டும். சட்டக் கடைக்காரர் காலிச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டத்தின் நடுவில் அவருடைய வயிறுதான் தெரிந்தது. வருகிறவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, அடுத்ததாக அதைத்தான் பார்த்தார்கள்.

கல்யாண ஆல்பங்களுக்கு நிறம் திருத்துவது சின்னவளின் தொழில். மண்டபத்தின் பச்சை விளக்கு மாப்பிள்ளை கன்னத்தில் விழுந்திருந்தால் அதை எடுப்பாள். பெண்ணின் தாயார் அழுது சிவந்த கண்ணை வெள்ளையாக்குவாள். ஸ்டுடியோ வேலைதான் என்றாலும் வீட்டிலிருந்தே செய்தாள். வேலை செய்யும் சின்ன அறையின் நாலு சுவரும் சாம்பல் நிறம். சன்னலிலும் கெட்டித் துணி. சுற்றிலும் ஏதாவது ஒரு நிறம் இருந்தால் அது கண்ணை ஏமாற்றிவிடும், படத்தின் உண்மையான நிறம் பிடிபடாது. அந்தச் சுவருக்கு அப்பாதான் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அடித்து முடித்து, நடுவில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, “லிஃப்டுக்குள்ள உக்காந்து வேலை பாக்கிற மாதிரி இருக்குமே சின்னவளே,” என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு உலகத்தில் பாதி விஷயம் லிஃப்ட் மாதிரிதான் இருக்கும்.

நேற்று மத்தியானம் அப்பா போனதிலிருந்து அவள் இந்த அறைக்குள்தான் கிடக்கிறாள். பெட்டிக்குப் பக்கத்தில் போய் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் குனிந்து, “படம் ஆச்சாம்மா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூடத்தில் எல்லாரும் அவரவர் பங்குக்கு அழுதுவிட்டார்கள். அவளுக்கு மட்டும் இன்னும் முறை வரவில்லை.

“நீ போய்க் காபி குடி அத்தை. நான் வெளுப்பாக்கி வைக்கிறேன்.”

“ஏமாத்திடாதே,” என்று சொல்லிவிட்டு அத்தை கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சின்னவள் முகத்தைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தாள். ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தில் எடுத்த படம். அப்பா யாரையோ பார்த்துக்கொண்டு, வாயைப் பாதி திறந்தபடி இருந்தார். நல்ல படம் இல்லை. ஆனால் அதில் பொய் இல்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கூடத்தில் பேச்சு உயர்ந்தது. அண்ணன் குரல். காலையில் ஆரம்பித்தது இன்னும் அடங்கவில்லை.

பெரியவன் கப்பலில் சமையல்காரன். ஏறினால் மாதக்கணக்கில் தண்ணீர்தான். அப்பா நினைவு தப்பிப் படுத்ததும், சின்னவள்தான் யாரையும் கேட்காமல் ‘உடனே வா’ என்று செய்தி அனுப்பினாள். கப்பல் நல்லவேளையாகக் கரையை நெருங்கியிருந்தது. இறங்கி, விமானம் மாறி மாறி, இன்று காலை வந்து சேர்ந்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் பெட்டிக்கு முன்னால் போய் நின்றான்.

கூடத்தில் பளிச்சென்று வெள்ளை டியூப்லைட். அதன் அடியில் அப்பா மஞ்சளாக இருந்தார். ஏதோ லேசாக இல்லை. நெற்றி, கழுத்து, மடித்து வைத்த கைகள், நகக்கண் வரைக்கும் மஞ்சள்.

பெரியவன் அழவில்லை. திரும்பி, “போன ஞாயிற்றுக்கிழமை நல்லாத்தானே இருந்தார்?” என்று கேட்டான்.

போனை எடுத்து ஒரு படத்தைத் தட்டிப் பெரிதாக்கி அம்மா முன்னால் நீட்டினான். “பாரு. நீயே பாரு. இப்படி உக்காந்து சிரிச்சிக்கிட்டிருந்த மனுஷனுக்கு நாலு நாள்ல என்ன பண்ணீங்க?”

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்தப் படத்தில் அப்பாவின் முகம் நல்ல மாநிறமாக, கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“ரொம்ப நாளாவே முடியாமத்தான்ப்பா இருந்தாரு. பித்தக்குழாய்ல கட்டி. டாக்டர் கைய விரிச்சுட்டாரு. உனக்குத் தெரியும்னுதான் அப்பா சொன்னாரு... ‘பெரியவன்கிட்ட சொல்லிட்டேன், பயணம் முடிஞ்சு வரேன்னான்’னு...”

“எங்கிட்டயா? எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லல. வயித்துல கொஞ்சம் கோளாறுன்னார், அவ்வளவுதான். டாக்டர் கைவிட்ட ஆள் இந்தப் படத்துல இருக்கிற மாதிரியா இருப்பாரு? சும்மா எதையாவது சொல்லாதேம்மா.”

பிறகு விறுவிறுவென்று அப்பா படுத்திருந்த அறைக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“அந்த மஞ்ச பல்பை யார் மாட்டுனது?”

“நான்தான்,” என்றாள் அம்மா.

“ரூம்ல நல்ல டியூப்லைட் இருந்துச்சே. அதைக் கழட்டிட்டுக் கோழிக்கூண்டுல போடுற பல்பை மாட்டி வச்சிருக்கே. அதுல மனுஷன் மூஞ்சி எப்படிம்மா தெரியும்? பக்கத்துலயே இருந்து பாக்காம விட்டுட்டியே!”

அம்மா போனில் இருந்த படத்தையே மறுபடியும் பார்த்தாள். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, “எனக்குத்தான் சரியாத் தெரியலையோ,” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் சின்னவளைக் காலையிலிருந்து தின்றுகொண்டிருந்தது.

அந்தப் படத்தைத் திருத்தி அனுப்பியது அவள்.

கப்பலில் வீடியோவில் பேசுகிற அளவுக்கு சிக்னல் கிடைக்காது. ஒரு படம் போகும், அதுவும் தட்டுத்தடுமாறி. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவை ஒரு படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புவது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சன்னலோரம் உட்கார வைத்து எடுத்ததில் அப்பா கொஞ்சம் மஞ்சளாக விழுந்திருந்தார். சாயங்கால வெயிலின் வேலை என்று நினைத்தாள். அவள் கைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? திரையில் நிறம் மாற்றுகிற கோட்டில் இருக்கும் குமிழை நீலப் பக்கம் ஒரு தள்ளு தள்ளினாள். மஞ்சள் போய்விட்டது. பின்னால் நின்றுகொண்டிருந்த அப்பா, “அட, அவ்வளவுதானா!” என்றார்.

அது வெயில் இல்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். அன்றைக்குத் திரும்பி அப்பாவின் கண்ணை ஒரு தடவை நேராகப் பார்த்திருக்கலாம். அவள் படத்தைத்தான் பார்த்தாள்.

டாக்டரிடம் போய்விட்டு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டு சன்னலோரம் வந்து உட்கார்ந்தார். “அன்னைக்குப் பண்ணின மாதிரியே பண்ணி அனுப்பு,” என்றார்.

“அண்ணாகிட்ட சொல்ல வேணாமா?”

“சொல்லி? கடல் நடுவுல அவன் என்ன பண்ணுவான்? குதிச்சு நீந்தியா வருவான்?” பிறகு குரலை இறக்கினார். “இதைக் கேளு. லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. உள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டான். அவன்கிட்டப் போய் ‘கயிறு சிக்கிக்கிச்சு, ஒரு மணி நேரம் ஆகும்’னு சொன்னா என்ன ஆகும்? இருக்கிற காத்தைப் பூரா ஒரே இழுப்புல இழுத்துருவான். அதனால நான் டூல்ஸ் பெட்டியவே திறந்திருக்க மாட்டேன், கதவுல வாயை வச்சு ‘இதோ ஆயிடுச்சு, ரெண்டே நிமிஷம்’னு சொல்லிருவேன். எத்தனை பேரை அப்படி வெளிய எடுத்திருக்கேன் தெரியுமா?”

“உள்ள மாட்டிக்கிட்டது அவன் இல்லப்பா. நீங்க.”

அப்பா அவளைப் பார்த்தார். “அப்ப நான் சொல்றதைக் கேளு,” என்றார்.

அவள் கேட்டாள். வாரத்துக்கு வாரம் வேலை கூடிக்கொண்டே போனது. முதலில் படம் முழுவதையும் நீலப் பக்கம் தள்ளினால் போதும். பிறகு அப்படித் தள்ளினால் பின்னால் இருக்கிற சுவர் நீலம் பாய்ந்தது; முகத்தை மட்டும் தனியாகப் பிரித்து, படத்தின் மேல் தனி அடுக்காக ஒரு லேயர் போட்டுத் திருத்த வேண்டி வந்தது. பிறகு கண்ணின் வெள்ளையை மெல்லிய பிரஷ்ஷால் தொட வேண்டி வந்தது. போன வாரம் எங்கே நிறுத்தினோம், இந்த வாரம் எங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அவளுக்கு முடிவு தெரிந்துவிடும்.

ஒரு சமயம் கப்பல் கரைக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்திருந்தது. ‘வீட்டுக்கு வரட்டுமா, இன்னொரு தடவை போயிட்டு வரட்டுமா’ என்று அண்ணன் கேட்டான். அப்பா ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நிற்கவே முடியவில்லை; கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். கேட் ரிப்பேர் பண்ணுகிறவர் மாதிரி இருந்தது. அவள் மஞ்சளை எடுத்தாள், கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்றினாள். அனுப்பினாள். ‘கிழவர் கில்லாடி’ என்று பதில் போட்டுவிட்டு அண்ணன் மறுபடி கப்பலேறினான்.

இதை இப்போது எப்படிச் சொல்வது? சொன்னால், உன் அப்பாவை உயிரோடு பார்க்கவிடாமல் ஏமாற்றியது நான்தான் என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அம்மா ஆயுசுக்கும் அந்தப் பழியைச் சுமக்க வேண்டும். அப்பாவுக்கென்ன, அவர் பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போன மனிதர் மேல் கோபப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுகை வந்தது. அழ நேரமில்லை.

கதவு திறந்தது. பெரியவன் உள்ளே வந்து, திரையில் வாயைப் பாதி திறந்திருந்த அப்பாவைப் பார்த்தான்.

“இந்தப் படமா?”

“ஆமா.”

“இதுல யாரோ காசு கேட்ட மாதிரி முழிக்கிறாரு. இது வேணாம்.” போனை மேஜைமேல் வைத்தான். “இதைப் போடு. போன ஞாயிற்றுக்கிழமை அனுப்பினியே, இது.”

சின்னவள் போனை அவன் பக்கமே திருப்பி நகர்த்தினாள். “அது போன்ல எடுத்ததுண்ணா. பெருசாக்கினா நல்லா வராது.”

“ஒரிஜினல் உங்கிட்ட இருக்கும்ல?”

“இருக்கு...”

“அப்புறம் என்ன? இதான் வேணும். ஊர்ல இருக்கிறவன் எல்லாம் பாக்கட்டும், நாலு நாளைக்கு முன்னாடி எப்படி இருந்தார்னு.” ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் அவன் உடம்பு தளர்ந்தது. “வண்டி போனதும் நானும் கிளம்பறேன். இனிமே இந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு? அம்மா மூஞ்சிய என்னால பாக்க முடியல.”

“அப்படிச் சொல்லாதேண்ணா.”

“பின்ன எப்படிச் சொல்றது? உனக்கு ஸ்டுடியோ வேலை, சரி. அவங்களுக்கு என்ன வேலை? அவரைப் பாத்துக்கிறதுதானே?”

அவள் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைத் திறந்தாள். சட்டத்தின் அளவுக்குப் பெரிதாக்கினாள்.

அப்பா திரை முழுக்கச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்ததற்குக் காரணம், படம் எடுக்கும்போது அவள் கால் தடுக்கி விழப் பார்த்ததுதான். சிரிப்பு மட்டும் அசல்.

“பாரு,” என்றான் பெரியவன். “எப்படி இருக்காரு பாரு.”

ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு திரையில் அப்பாவின் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். நெற்றிச் சுருக்கம், புருவத்தில் இருந்த பழைய வெட்டு, மீசை. இத்தனை பெரிதாக அந்த முகத்தை அவன் பார்த்ததே இல்லை. பிறகு அவன் விரல் ஓரிடத்தில் நின்றது.

“இது என்ன?”

“எது?”

“இங்க. காதுக்குப் பின்னாடி.”

அவளும் அப்போதுதான் பார்த்தாள். இடது காதுக்குப் பின்னால், முடி ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள். பிரஷ் அங்கே போகவில்லை. போனில் பார்க்கிற அளவுக்குத்தானே அவள் திருத்தினாள்? உள்ளங்கை அளவுப் படத்தில் காதுக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? சட்டத்தின் அளவுக்கு விரித்ததும் விட்டுப்போனதெல்லாம் வெளியே வந்துவிட்டது. மடியில் கிடந்த கையின் நகங்களும் மஞ்சளாகவே இருந்தன.

“வெளிச்சம் பட்டிருக்கும்,” என்றாள்.

“அந்த இடத்துல மட்டுமா?”

ஒரே ஒரு இழுப்பு. பிரஷ்ஷை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒரு தடவை இழுத்தால் போதும். ‘பாரு, சரியாயிடுச்சு’ என்று சொல்லிவிடலாம். படம் அச்சாகி, சட்டத்துக்குள் போய், கூடத்துச் சுவரில் ஏறிவிடும். அம்மா இருக்கிற காலம் வரைக்கும், போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்க்கும்போதெல்லாம், எனக்குத்தான் சரியாகத் தெரியவில்லையோ என்று நினைப்பாள்.

அவள் பிரஷ்ஷை எடுத்தாள். காதுக்குப் பக்கம் கொண்டுபோனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அம்மாவிடம், “கொஞ்சம் முன்னாடியே கவனிச்சிருக்கலாம்,” என்றார்கள். அம்மா ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை.

சின்னவள் பிரஷ்ஷைக் கீழே வைப்பது போல மவுஸிலிருந்து விரலை எடுத்தாள். திரையின் ஓரத்தில், முகத்துக்கென்று போட்ட லேயருக்குப் பக்கத்தில் கண் மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கும். அதைத் தட்டினால் அந்தத் திருத்தம் மறைந்துவிடும். மவுஸின் அம்பை அங்கே கொண்டுபோய்த் தட்டினாள்.

அப்பா மஞ்சளானார்.

அதே சிரிப்பு, அதே சுருக்கம், அதே மீசை. கண்ணின் வெள்ளை வரைக்கும் மஞ்சள். காதுக்குப் பின்னால் இருந்த திட்டு இப்போது தனியாகத் தெரியவில்லை.

பெரியவன் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்து மவுஸை வாங்கி அவனே அந்தக் குறியைத் தட்டினான். மாநிறம். மறுபடி தட்டினான். மஞ்சள். மாநிறம். மஞ்சள். தட்டிக்கொண்டே இருந்தான்.

“எப்ப இருந்து?” என்றான் கடைசியில்.

அவள் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் திறந்து, அந்தக் கண் குறியைத் தட்டி, மூடினாள். சொல்ல வேண்டியதை மஞ்சளே வாரம் வாரமாகச் சொல்லிக்கொண்டு போனது. ஸ்பேனரோடு கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற படம் வந்ததும் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“இதுவுமா?”

“இதுவும்தாண்ணா.”

“இதைப் பாத்துட்டுத்தான்டி நான் ஏறினேன்.”

“தெரியும்.”

அவன் பிடி இறுகியது. அடித்தாலும் அடிக்கட்டும் என்று அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் அடிக்கவில்லை. கையை விட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை அழுத்தித் தேய்த்தான். சாம்பல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அவர் சொல்லித்தானே பண்ணினே?”

“அவர் சொன்னாரு. ஆனா கை என்னோடதுதாண்ணா.”

“அந்த லிஃப்ட் கதையச் சொல்லி ‘ரெண்டே நிமிஷம்’னு சொல்லியிருப்பாரே.”

“ஆமா.”

சிரிக்கப் போவது போல அவன் வாய் கோணியது. சிரிப்பு வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கப்பலிலிருந்து இறங்கியதிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. சத்தமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். அவளுடைய முறை வந்துவிட்டது.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டான், “அம்மாவுக்குத் தெரியுமா, இது?”

“படம் மாத்தினது தெரியாது. உன்கிட்ட சொல்லிட்டேன்னு அப்பா அவங்களையும் ஏமாத்திட்டாரு. நீ எல்லாம் தெரிஞ்சே வராம இருக்கேன்னுதான் இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டிருந்தாங்க. ஒரு வார்த்தை உன்னைக் குறை சொல்லலண்ணா.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அந்த பல்பு...” என்றாள். இதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். “ஒருநாள் அப்பா டியூப்லைட்டுக்குக் கீழ கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தாரு. அம்மா அதைப் பாத்துட்டாங்க. மறுநாளே கடைக்குப் போயி மஞ்ச பல்பு வாங்கிட்டு வந்து மாட்டினாங்க. அதுக்குக் கீழ உக்காந்தா எல்லாரும் மஞ்சளாத்தான் தெரிவோம். நானு, அம்மா, சுவரு, தலையணை, எல்லாமே. அப்பா தன் கையப் பாத்துப் பயந்துறக் கூடாதுன்னு. எங்கிட்டயும் சொன்னாங்க, ‘அப்பாகிட்ட மூச்சு விடாதே’ன்னு.”

“அப்பாவுக்குத் தெரியாதா?”

“மாட்டின அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. ‘உங்கம்மா பல்பை மாத்திட்டா, நான் கவனிக்கலன்னு நினைச்சுக்கிட்டிருக்கா, அப்படியே இருக்கட்டும்’னாரு. அதையும் அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னாரு.”

பெரியவன் திரும்பி அவளை முழுசாகப் பார்த்தான். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறான் போலிருந்தது. “எல்லாத்தையும் நீ மட்டும் வச்சுக்கிட்டு...” என்றான்.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. இரண்டு தட்டு, இடைவெளி விட்டு இன்னொன்று. அம்மா அப்படித்தான் தட்டுவாள்.

“பெரியவனே.” குரல் கதவுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து வந்தது. “அந்த பல்பைக் கழட்டிட்டேன்ப்பா. டியூப்லைட் மாட்டச் சொல்லியிருக்கேன். நீ சொன்னது சரிதான். அது மாட்டியிருக்கக் கூடாது.”

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அம்மா,” என்றான் அவன். “அம்மா, அதைத் திரும்ப மாட்டிடு.”

“ஏன்ப்பா?”

“இருக்கட்டும்மா. கண்ணுக்கு இதமா இருந்துச்சு.”

வெளியே பல்பு கதவில் லேசாக இடிபடும் சத்தம் கேட்டது.

“கையிலதான் வச்சிருக்கேன்,” என்றாள் அம்மா. “இன்னும் சூடு ஆறல.” பிறகு, “நீ பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலையேப்பா. சட்டக் கடைக்காரரும் கேக்குறாரு. படம் ஆச்சா?”

திரையில் அப்பா மஞ்சளாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எந்தப் படம் என்பதே இன்னும் முடிவாகவில்லை. பிரிண்டருக்கு சுவிட்சுகூடப் போடவில்லை.

பெரியவன் எழுந்து போய்க் கதவோடு சேர்ந்து நின்றான்.

“இதோ ஆயிடுச்சும்மா,” என்றான். “ரெண்டே நிமிஷம்.”